ஜெனரல் சாயவே இல்லை

மே 4, திங்கள்

நகைக்கடையில் சும்மா கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து அரிசி டப்பா மேல் கிடந்தது, இன்றுதான் அதற்கு வேலை வந்திருக்கிறது. நான் சொல்கிறேன், என் சம்சாரம் தனபாக்கியம் எழுதுகிறாள். எனக்கு எழுதப் படிக்க வராது. அவள் எட்டாவது வரை படித்தவள், வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் பார்ப்பவள். "நீ பேசறத அப்படியே எழுதினா டாக்டரம்மாவுக்குத் தலை சுத்தும். நான் பொஸ்தகத்துல வர்ற மாதிரி எழுதிக்கறேன், நீ சொல்லு" என்றாள்.

விஷயம் இவ்வளவுதான். போன வாரம் குழாயடியில் குடத்தைத் தூக்கும்போது சற்று உட்கார்ந்துவிட்டேன். விழுந்துவிட்டேன் என்பது தனபாக்கியத்தின் கட்சி. சுகாதார நிலையத்து டாக்டரம்மா பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து, "தலை சுத்துதா, கைகால் மரத்துப் போகுதா, பேச்சு குழறுதா, இந்த மூணையும் தெனம் எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

என் பேர் கன்னியப்பன். ஓவியக் கல்லூரியில் மாடல். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து வரைவார்கள், நடுவில் நான் அசையாமல் இருப்பேன். எண்பத்தெட்டாம் வருஷத்திலிருந்து இதே வேலை. நான் படித்தவனில்லை, ஆனால் என்னைப் பார்த்துத்தான் இத்தனை பேர் படித்துப் பாஸானார்கள். சோழ ராஜாவாக நின்றிருக்கிறேன். கட்டுமரக்காரனாக, கோழி கூவும் முன் கர்த்தரை மறுதலித்த சீடனாக, பிச்சைக்காரனாக. கடைசி வேஷத்துக்கு வீட்டிலிருந்து போன உடுப்பே போதும் என்றுவிட்டார்கள். எந்த வருஷம் எந்தப் பையன் என் காதைப் பெரிதாகப் போட்டான் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

தலைசுற்றல்: இல்லை. மரத்தல்: இல்லை. குழறல்: இல்லை.

(நான் எழுதுவது: குழாயடியில் விழுந்தது நிஜம். குடமும் ஒடுங்கிவிட்டது. அவர் சொல்வதை எழுதுவேன். சொல்லாததை இப்படி அடைப்புக்குள் போடுவேன். அவருக்குத் தெரிய வேண்டாம்.)

மே 5, செவ்வாய்

இன்று பெரிய சேதி. பழைய மகாபலிபுரம் ரோட்டில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று புதுக் கட்டடம் கட்டியிருக்கிறது. அமெரிக்காவுக்கு சுதந்திரம் வந்து இந்த ஜூலையில் இருநூற்றைம்பது வருஷமாம். கட்டடத்தின் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு படம் வேண்டுமென்று எங்கள் ஞானதிரவியம் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய முதல் ஜனாதிபதி, ஜெனரலாக இருந்த காலத்தில், பனிக்கட்டி மிதக்கிற ஆற்றைப் படகில் கடக்கிற காட்சி.

ஜெனரலாக யார் நிற்பது? இரண்டே பேர். நான், அல்லது ஜம்புலிங்கம். ஜம்பு என்னைவிட உயரம், என்னைவிட இளையவன், எழுபதுகூட ஆகவில்லை. மூக்கு மட்டும் கேரம் போர்டு சண்டையில் உடைந்தது. அவன் முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான். மாஸ்டர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரியவரே, பல்செட்டக் கழத்துங்க பார்ப்போம்" என்றார். கழற்றினேன். "இதுதாம்வே மூஞ்சி!" என்று கையைத் தட்டினார்.

ஜெனரலுக்கும் பல் கிடையாதாம். ஜனாதிபதியான சமயத்தில் ஒரே ஒரு சொந்தப் பல். கட்டிய பல்லில் யானைத் தந்தமும் உண்டாம், அடிமைகள் வாயிலிருந்து பிடுங்கிய பல்லும் உண்டாம். மற்றவன் பல்லால் சாப்பிட்டிருக்கிறார். என்னுடையது தர்ம ஆஸ்பத்திரியில் கட்டியது, யார் வாயிலிருந்தும் பிடுங்கியதில்லை. அந்தக் காலத்தில் அவரை வரைந்த ஒருவர், உதடு உள்ளே போகாமலிருக்க வாயில் பஞ்சு அடைத்து வரைந்தார் என்று சொல்வார்களாம். எனக்கும் அடைத்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். பெரிய மனுஷன்தான்.

ஆற்றைக் கடந்தபோது அவருக்கு நாற்பத்து நாலு வயசாம். ஆனால் டாலர் நோட்டில் இருப்பது கிழ முகம், ஜனங்களுக்கு அதுதான் தெரியும் என்றார் மாஸ்டர்.

ஜம்புவுக்குத் துடுப்புப் போடுகிறவன் வேஷம். "இன்னாடா ஜம்பு, வெள்ளக்காரன் படகுல கூலியா?" என்றேன். "உக்காந்து செய்யற வேலையா, நல்லதாப் போச்சு. நீ நில்லு" என்றான். பொறாமை.

மூன்றும் இல்லை.

மே 6, புதன்

படகு என்பது இரண்டு பெஞ்சு. வலது காலைத் தூக்கி பெயின்ட் டிரம் மேல் வைக்க வேண்டும், முழுப் பாரமும் இடது காலில். இடது கை வாளின் பிடியில். வலது கையில் தொலைநோக்கிக்குப் பதிலாகச் சுருட்டிய காலண்டர். கோட்டு, கல்யாண பேண்டு செட்டுக்காரர்களிடம் வாங்கிய நீலக் கம்பளிக் கோட்டு. தோளில் சரிகைக் குஞ்சம், அக்குளில் போன தை மாதத்து முகூர்த்தங்களின் வியர்வை. மேலே ஒரு போர்வை. கத்திரி வெயில். தரையில் தெர்மாகோலை உடைத்துப் போட்டு பனிக்கட்டி செய்திருந்தார்கள். ஃபேன் போட்டால் பனிக்கட்டி பறக்கிறது என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள்.

என் பாதத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டார்கள். ஓய்வுக்கு இறங்கினாலும் அதே கோட்டில் அதே பாதத்தை வைக்க வேண்டும், எதிர்ச் சுவரில் ஓர் ஆணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை நகர்த்தக் கூடாது. அதுதான் எங்கள் தொழில். மாஸ்டர் பெரிய கேன்வாஸில் வரைகிறார். பிள்ளைகள் தனித்தனியாக வரைந்து, தேதி போட்டு, அன்றன்றைக்குச் சுவரில் வரிசையாக ஒட்ட வேண்டும், அது மாஸ்டர் சட்டம்.

வரையும்போது அவர் கதை சொல்வார். கிறிஸ்துமஸ் ராத்திரியாம். ஜெனரல் அதுவரை தோற்றுத் தோற்று ஓடிவந்தவர். சிப்பாய்களுக்குச் செருப்பில்லை, பனியில் நடந்த வழியெல்லாம் ரத்தம். அக்கரையில் எதிரி பண்டிகை அசதியில் இருக்கும்போது கடந்துபோய் விடிந்ததும் பிடித்துவிட்டார். "துடுப்புப் போட்டவங்க யாரு சார்?" என்று மோனிஷா கேட்டாள். கும்மிடிப்பூண்டிப் பெண், மூன்றாம் வருஷம், கை நன்றாக ஓடும். "மீன்புடிக்கிறவங்க பிள்ளே. கறுத்த ஆளுகளும் உண்டு. அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு யாரும் குறிச்சு வைக்கல" என்றார் மாஸ்டர். நான் ஜம்புவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினேன். ஆணியை விட்டுக் கண்ணை எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

இதே காட்சிக்குப் பேர்போன பழைய படம் ஒன்று இருக்கிறதாம். அதை வரைந்தவர் ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு வரைந்தாராம். படத்தில் இருக்கிற கொடி அந்த ராத்திரியில் பிறக்கவே இல்லையாம். ஜெனரலாக நிற்க ஓர் அமெரிக்க மாணவனைப் பிடித்தாராம். போர்வையின் மடிப்பு கலைவதற்குள் முடிக்க வேண்டுமென்று அவனை அசையவிடாமல் நிறுத்தி, அவன் அரை உயிராகி, வாயில் ஷாம்பெயின் ஊற்றி நிறுத்தி வைத்தார்களாம். கடைசியில் தலையை மட்டும் ஜெனரலின் சிலையைப் பார்த்து வரைந்தாராம். அந்தப் பையனுக்கு முகம் சரியில்லை போலிருக்கிறது.

எனக்கு மோர் கொடுத்தார்கள்.

கால் கொஞ்சம் மரத்தது, நின்றால் மரக்கத்தான் செய்யும். அதைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லிவிட்டேன்.

மே 8, வெள்ளி

மோர். ஆணி. அசையவில்லை.

மே 11, திங்கள்

மோனிஷா இன்று கொத்தனார் மாதிரி தூக்குக்குண்டு கட்டிக்கொண்டு வந்தாள். நூலை என் மூக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, "சார், தாத்தா சாயறாரு" என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்ல சார். போன புதன்கிழமை நூல் குதிகாலுக்கு நேரா எறங்குச்சு. இன்னிக்கு வெளிய எறங்குது."

"ஒன் பலகை சாஞ்சிருக்கும். அவரு நிக்க ஆரம்பிச்சப்போ நீ பொறக்கவே இல்ல" என்று மாஸ்டர் அதட்டினார். என் பாதம் கோட்டுக்குள் பத்திரமாக இருந்தது, எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பாதம் கோட்டில் இருந்தால் ஆள் எப்படிச் சாய்வான்? நான் சாயவே இல்லை. தரை பழைய தரை. துடுப்பைப் பிடித்தபடி ஜம்பு, "யோவ் கன்னி, எறங்கி ஒக்காரு" என்று முணுமுணுத்தான். நான் இறங்கினால் யார் ஏறுவார் என்று எனக்குத் தெரியாதா?

மூன்றும் இல்லை.

மே 13, புதன்

வாள் இடது கையிலிருந்து நழுவிவிட்டது. மரவாள்தான், மேலே தகரத்தாள். வியர்வை. மறுபடியும் நழுவியது. மாஸ்டர் பிடியில் சணல் சுற்றித் தந்தார். அப்புறமும் நழுவியது, சணல் புது சணல்.

(காலையில் காபி டம்ளரும் அதே கையிலிருந்துதான் விழுந்தது. அதில் வியர்வை இல்லை.)

மே 15, வெள்ளி

வீட்டில் சண்டை. கஞ்சி குடிக்கும்போது வாயோரம் ஒழுகிவிட்டது. தனபாக்கியம் முந்தானையால் துடைத்தாள். "இன்னாயா, பேச்சு ஒரு மாதிரி வருது?" என்றாள். நாளெல்லாம் பஞ்சு அடைத்த வாய், வீட்டுக்கு வந்ததும் சட்டென்று பழைய வாயாகிவிடுமா? சொன்னேன். "பஞ்ச எடுத்து எத்தினி நாழி ஆச்சு?" என்றாள். "ஜெனரலா நின்னவனுக்குத்தான் அது தெரியும்" என்றேன்.

"அந்த ஜெனரல் வேஷத்த ஜம்பு அண்ணனுக்குக் குடுத்துட்டு வாயேன். டாக்டரம்மாகிட்டப் போலாம்."

அப்போதுதான் மனதில் இருந்ததைச் சொன்னேன். இத்தனை வருஷம் நின்றேன். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? காகிதம் என்றால் பழைய பேப்பர்காரன். கேன்வாஸ் என்றால் மேலே வெள்ளை பூசி, என் மூஞ்சி மேலேயே அடுத்த வருஷம் பூசணிக்காய் வரைகிறார்கள். கேட்டாலும் என்னிடம் காட்ட ஒரு படம் இல்லை. நமக்குப் பிள்ளை குட்டி இல்லை, என் ஜாடை என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. இது ஒன்றுதான் கம்பெனிக் கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால், நூறு வருஷம் தொங்கப்போகிறது. முகத்தை மாஸ்டர் கடைசியில்தான் போடுவார். அதற்குள் நான் இறங்கினால் உடம்பு என்னுடையது, முகம் ஜம்புவுடையது என்று ஆகிவிடும்.

தனபாக்கியம் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, "செவுத்துல தொங்கறதுக்கு இன்னா அவசரம்? எல்லாருந்தான் ஒரு நாள் தொங்கப் போறோம், மால போட்டு" என்றாள்.

தலைசுற்றல்: இல்லை. மரத்தல்: இல்லை. குழறல்: பஞ்சு.

மே 18, திங்கள்

கம்பெனியிலிருந்து பார்க்க வந்தார்கள். வெள்ளைக்கார அம்மா ஒருத்தர், கூட நம் ஊர் மேனேஜர் நந்தகுமார். வருவதற்கு முன் மாஸ்டர் பரபரப்பாக இருந்தார். பெரிய கேன்வாஸிலும் ஜெனரல் சாய்ந்திருப்பதை அப்போதுதான் தள்ளி நின்று பார்த்திருக்கிறார். "நீயாவது சொல்லக் கூடாதா பிள்ளே" என்று மோனிஷாவையே பிடித்துக் கத்தினார். அவள், "சொன்னேனே சார்" என்றாள். "சத்தமாச் சொல்லணும்" என்றார்.

வெள்ளைக்கார அம்மா படத்தின் முன் நின்றார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். நாங்கள் மூச்சுவிடவில்லை. பிறகு நெஞ்சில் கை வைத்து நிறையப் பேசினார். நந்தகுமார் தமிழில் சொன்னார்: மற்ற படங்களில் எல்லாம் ஜெனரல் கொடிமரம் மாதிரி நிற்கிறார், ஆடுகிற படகில் அப்படி எவனாலும் நிற்க முடியாது, இந்தப் படத்தில்தான் ஆறு ஓடுவது தெரிகிறது, இவர் சாய்வதில்தான் அந்த ராத்திரியின் பயமும் தெரிகிறது, துணிச்சலும் தெரிகிறது.

மாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். "அந்தச் சாய்வுக்குத்தான் மேடம் ஒரு மாசமா பாடுபட்டேன்" என்றார்.

அவர்கள் போனதும் என் தோளைத் தட்டி, "பெரியவரே, நாளைக்கும் இதே மாதிரி சாஞ்சு நில்லுங்க" என்றார்.

மே 19, செவ்வாய்

சாய்ந்து நிற்கச் சொன்னார்களே என்று சாய்ந்து நின்றேன். "இவ்ளோ வேண்டாம். நேத்து மாதிரி" என்றார் மாஸ்டர். நேற்று நான் நேராக அல்லவா நின்றேன்? சரியென்று நேராக நின்றேன். "ஆங், அதுதான். இன்னும் ஒரு பொட்டு... போதும், அருமை!" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய கலைஞர்கள் இப்படித்தான்.

நாளை மறுநாள் முகம்.

தலைசுற்றல் என்று ஒன்றும் இல்லை. ஆணி இரண்டாகத் தெரிந்தது. ஒன்று போதும் என்பதால் வலப்பக்கத்து ஆணியை வைத்துக்கொண்டேன்.

மே 20, புதன்

தனபாக்கியம் கல்லூரிக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. புளிசாதத்தை மறந்துவிட்டுப் போனேனாம். மறந்ததாக எனக்கு ஞாபகமில்லை, அவளே எடுத்து ஒளித்திருப்பாள், வந்து பார்க்க ஒரு சாக்கு வேண்டுமே. பிள்ளைகள் எல்லாம் "பாட்டி, பாட்டி" என்று நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை. சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்க்கப் போனாள்.

மோனிஷாவின் வரிசையின் முன்னால் நின்றாள். மே ஆறாம் தேதிப் படத்திலிருந்து ஆரம்பித்து, கோயில் பிராகாரம் சுற்றுகிற மாதிரி ஒவ்வொன்றாக நின்று நின்று நகர்ந்தாள். நான் டிரம் மேல் ஒரு கால் வைத்தபடி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படத்துக்கு வந்ததும் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். திரும்ப முதல் படத்துக்கு ஓடினாள். மறுபடியும் கடைசிக்கு வந்தாள். கண்ணில் தண்ணீர்.

அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது படம்.

அப்புறம் மோனிஷாவிடம் காதோடு ஏதோ கேட்டாள். அந்தப் பெண் படங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வரைந்துகொண்டிருந்த கரித்துண்டைக் கீழே போட்டாள். பிறகு வரிசையை அப்படியே பிரித்துச் சுருட்டிக் கொடுத்தாள். தனபாக்கியம் வீட்டில் மாட்டத்தான் கேட்டிருப்பாள். கேட்டால் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் தலையைத் தூக்கவில்லை.

"இன்னா, நான் மூணு வரி சொன்னா நீ அஞ்சு வரி எழுதுற?" என்று ஒருநாள் கேட்டதற்கு, "ஒன் பேச்சு பெருசுயா, எடம் புடிக்குது" என்றாள். இன்று எழுத அதிக நேரம் எடுக்கிறாள்.

மே 21, வியாழன்

இன்று முகம் போட வேண்டிய நாள். கல்லூரிக்குப் போகாமல் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஜம்புவும் வந்தான், ஆட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றான். எனக்கு அப்போதே சந்தேகம்.

டாக்டரம்மா டைரியைக் கேட்கவே இல்லை. தனபாக்கியம் சுருளைப் பிரித்துப் பரிசோதனைக் கட்டில்மேல் படங்களை வரிசையாக வைத்தாள். டாக்டரம்மா குனிந்து பார்த்தார். முதல் படத்தில் விரலை வைத்து, அப்படியே நகர்த்திக்கொண்டே போனார். "இங்க வரைக்கும் ஒண்ணுமில்ல. பதினோராம் தேதி ஒடம்பு. பதிமூணு, கை. இங்கே கண்ணுகிட்ட... பதினஞ்சு, வாய். ஒவ்வொண்ணா எறங்கியிருக்கு" என்றார். "தெனம் பார்க்கிறவங்களுக்குத் தெரியாதும்மா. இப்படி வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"வாயில் பஞ்சு" என்றேன்.

"இப்போ பஞ்சு இருக்கா?"

இல்லை.

"சிரிங்க பார்ப்போம்."

"ஜெனரல் சிரிக்க மாட்டார்மா."

"ரெண்டு கையையும் நேரா நீட்டிக் கண்ணை மூடுங்க." நீட்டினேன். நன்றாகத்தான் நீட்டினேன். கண்ணைத் திறந்தபோது இடது கை தொடையில் கிடந்தது. அது எப்போது கீழே வந்தது என்று எனக்கும் அதற்கும் இடையில் பேச்சே இல்லை.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் சின்னச் சின்ன அடைப்பாம். பெரியது வருவதற்குள் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போதே போக வேண்டுமாம். "நாளைக்குப் போறேன். இன்னிக்கு மூஞ்சி போடற நாள்" என்றேன். டாக்டரம்மா தனபாக்கியத்தைப் பார்த்தார். தனபாக்கியம் என்னைப் பார்த்தாள். ஜம்பு பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, "ஒன் மூஞ்சி எங்கயும் போவாது, வாயா" என்று ஆட்டோவில் திணித்தான்.

போகும்போது டாக்டரம்மா, "இந்தப் படங்கள எனக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். எல்லோருக்கும் என் படம் வேண்டியிருக்கிறது.

தலைசுற்றல்: இல்லை. பிடிவாதம் என்று ஒன்றை அவளாகச் சேர்த்து, உண்டு என்று எழுதுகிறாளாம். எழுதட்டும்.

மே 22, வெள்ளி

(இன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. வார்டில் எதிர்ச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.)

ஜூன் 3, புதன்

பேச்சு வந்துவிட்டது. போகவே இல்லை என்பது என் கட்சி.

மோனிஷா ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். படம் முடிகிற தறுவாயில் இருக்கிறதாம். "மூஞ்சி போட்டாச்சா?" என்றேன். "போட்டுட்டு இருக்காரு தாத்தா" என்றாள். "ஜம்புவ நிறுத்தியா?" "இல்ல தாத்தா, அவரு துடுப்புத்தான் போடறாரு." நெஞ்சில் பால் வார்த்தாள். "மாஸ்டர்கிட்டச் சொல்லு, மொத நாள் வாயப் போடச் சொல்லு. கடைசி நாள் வாய் வேணாம்" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தனபாக்கியம் ஒரு சுளை உரித்து அவள் கையில் வைத்து, "தின்னும்மா, வெயில்ல வந்திருக்க" என்றாள். அந்தப் பெண் ஒவ்வொரு சுளையாகத் தின்றுகொண்டே இருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது.

ஜூன் 17, புதன்

வீட்டில் பயிற்சி. கயிறு கட்டி இடது கையைத் தூக்க வேண்டும், ரப்பர் பந்தை அமுக்க வேண்டும். நடக்கக் கைத்தடி. அசையாமல் இருந்து சம்பாதித்தவனைப் போட்டு நாளெல்லாம் அசை அசை என்கிறார்கள்.

ஜூலை 4, சனி

கம்பெனியே வேன் அனுப்பியது. நான், தனபாக்கியம், ஜம்பு, பிள்ளைகள், மாஸ்டர். மாஸ்டர் கோட்டு போட்டிருந்தார், பேண்டு செட்டுக் கோட்டு இல்லை, சொந்தக் கோட்டு. கூடத்தில் ஏசி. கத்திரியில் வெந்தபோது இல்லாத குளிர் இங்கே சும்மா அடிக்கிறது. தெர்மாகோல் இல்லாமலேயே அமெரிக்கா.

திரையை விலக்கினார்கள். கைதட்டல்.

நான் கைத்தடியை ஊன்றிக் கிட்டே போனேன். ஆறு இருந்தது, பனிக்கட்டி நிஜமாக இருந்தது. ஜெனரல் நின்றார். ரோஸ் நிற முகம். கூர் மூக்கு. நீலக் கண். டாலர் நோட்டில் இருக்கிற அதே வாய். காதாவது நம்முடையதா என்று பார்த்தேன், வெள்ளை முடி மூடியிருந்தது. கையைப் பார்த்தேன், உறை போட்டிருந்தார். காலில் பூட்ஸ்.

மாஸ்டர் பக்கத்தில் வந்து, "உலகத்துக்கே தெரிஞ்ச மூஞ்சில்லா பெரியவரே, அத நம்ம மாத்த முடியுமா? ஆனா அந்த நிலை இருக்கே, அது நீங்கதான். படமே அதுதான்" என்றார். உண்மைதான். அந்தச் சாய்வு மட்டும் அப்படியே இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்து, ஆகா என்றார்கள்.

அப்போது ஒரு சத்தம். வெள்ளைக்கார அம்மா ஜம்புவைப் பார்த்துவிட்டார். படத்தைப் பார்க்கிறார், ஜம்புவைப் பார்க்கிறார். படகில் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறவன், ஜம்பு. உடைந்த மூக்கு, கறுத்த நெற்றி, கழுத்து நரம்பு, ஒன்றுகூட மாறவில்லை. துடுப்புக்காரர்கள் முகம்தான் ஒருத்தருக்கும் தெரியாதே, மாற்றுவானேன்? எல்லோரும் ஓடிவந்து அவனைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். அந்த அம்மா கை குலுக்கினார். நான் சற்றுத் தள்ளி அசையாமல் நின்றேன். அது எனக்குப் பழக்கம்.

ஜம்பு கூட்டத்துக்கு நடுவிலிருந்து என்னிடம், "சோறு எப்பயா போடுவானுங்க? பசிக்குது" என்றான்.

வேனில் வரும்போது தனபாக்கியத்திடம், "ஒனக்கு முன்னயே தெரியுமா?" என்றேன். "எனக்கு இன்னா தெரியும், நான் எட்டாவது" என்றாள்.

மூன்றும் இல்லை.

ஜூலை 13, திங்கள்

சுகாதார நிலையத்துக்கு மாதப் பரிசோதனை. உள்ளே நுழைந்ததும் சீட்டு கொடுக்கிற இடத்துக்கு எதிர்ச் சுவரில், கொசு படத்துக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் நடுவில், நான்.

ஒன்று இல்லை, மோனிஷாவின் வரிசை முழுக்க. கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து மாட்டியிருக்கிறார் டாக்டரம்மா. என் மூக்கு, என் காது, என் நெற்றிச் சுருக்கம். முதலில் நேராக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடியும் படத்தைப் பார்த்தார்கள். கையில் சீட்டோடு ஒரு கிழவி, "அது நீதான?" என்றாள்.

"ஆமா."

"மொத படத்துல ராசா மாதிரி கீற."

"ஜெனரல்" என்றேன்.

கூட்டம் இடம் விட்டது. நான் கைத்தடியைத் தனபாக்கியத்திடம் கொடுத்துவிட்டு, சட்டத்துக்குப் பக்கத்தில் பாதம் இரண்டையும் சேர்த்து வைத்து, எதிர்ச் சுவரில் ஓர் ஆணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை, நானாக நின்றேன். கீழே என்னவோ எழுதியிருந்தது. "இன்னா போட்டிருக்கு, படி" என்றேன். தனபாக்கியம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கப் படித்தாள்: "மாடல், சி. கன்னியப்பன்."

தலைசுற்றல்: கொஞ்சம். எழுதிக்கொள்.

(அச்சடித்திருந்தது: 'வாய் ஒரு பக்கம் கோணினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.' பேர் போடவில்லை. பிரஷர் பார்க்க அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் வெளியே வருவதற்குள், நான் வாசித்துக் காட்டிய பேரை இந்த டைரிப் பேனாவாலேயே சட்டத்தின் ஓரத்தில் எழுதிவிட்டேன்.)